டீசல் டேங்கில் மருந்து ஊற்றும் முன்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோரிலோ தாப்பாவிலோ எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நுழைந்தாலும் கல்லாவுக்குப் பின்னால் ஓர் அலமாரி நிறையச் சின்னச் சின்னப் பாட்டில்கள் இருக்கும். ஒன்று செட்டேனை ஏற்றுமாம், இன்னொன்று சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழுவுமாம், மற்றொன்று தண்ணீரை விரட்டுமாம். ஹைலக்ஸ் பிக்கப் வைத்திருப்பவரும் வாங்குகிறார், செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரரும் வாங்குகிறார். வண்டி காலையில் சுணங்குகிறது என்று பட்டறையில் சொன்னால், போர்மேன் வாயிலிருந்து முதலில் வருவது, "மருந்து ஒன்னு ஊத்திப் பாருங்கண்ணே" என்பதுதான்.

அந்தப் பாட்டில்களில் சில உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் நம் ஊர் டீசலுக்கும் நம் ஊர் வெயிலுக்கும் அவற்றில் பாதி தேவையே இல்லை. மீதியில் சிலவற்றைத் தப்பாக ஊற்றினால் இன்ஜெக்டர் போய்விடும். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் ஒரே நாளில் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஏறிய பிறகு, "எண்ணெய் மிச்சமாகும்" என்ற வார்த்தைக்கு மயங்காதவர் குறைவு. அதனால்தான் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில், எண்ணெய் நிலையத்தின் பம்பிலிருந்து வருவது என்ன என்று தெரிய வேண்டும். 2019 முதல் சாலை வாகனங்களுக்கு நாம் அடிப்பது பி10. நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த மெத்தில் எஸ்டர், மீதி பெட்ரோலிய டீசல். 2021 ஏப்ரல் முதல் அது யூரோ 5 தரம். கந்தகம் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) மேல் இருக்கக் கூடாது. அதற்கு முன் இருந்த யூரோ 2எம் டீசலில் 500 பிபிஎம் வரை அனுமதி இருந்தது. சில நிலையங்களில் பி7 டீசலும் கிடைக்கும், லிட்டருக்கு 20 சென் கூடுதல்.

இந்தச் சின்ன விவரத்திலேயே இரண்டு மருந்துகளின் கதை முடிகிறது.

ஒன்று செட்டேன். டீசல் எவ்வளவு சுலபமாகத் தானே பற்றிக்கொள்ளும் என்பதற்கான எண் அது. செம்பனை மெத்தில் எஸ்டரில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் என்பதால் அதன் செட்டேன் இயல்பாகவே பெட்ரோலிய டீசலைவிட உயரம். அது பத்துப் பங்கு கலந்திருக்கும் டீசலில் மேலும் 2-எத்தில்ஹெக்சில் நைட்ரேட் என்ற செட்டேன் மருந்தை ஊற்றுவதால் நமக்குக் கிடைப்பது மிகக் கொஞ்சம். குளிர் நாட்டில், மட்டமான டீசலில், காலையில் வெள்ளைப் புகை விடும் எஞ்சினுக்கு அது உதவும். 24 டிகிரியில் விடியும் ஊரில் காமன் ரெயில் எஞ்சின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் இன்றைய வகை) நல்ல நிலையில் இருந்தால் வித்தியாசம் கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. ஊற்றிய பிறகு சத்தம் பெரிய அளவில் குறைகிறது என்றால், இன்ஜெக்டரிலோ டைமிங்கிலோ ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடுங்கள்.

இரண்டாவது வழுக்குத்தன்மை. கந்தகத்தை எடுத்தால் டீசல் வறண்டுபோகும், எஞ்சினின் டீசல் பம்ப் தேயும் என்று சொல்வார்கள். பாதி உண்மை. சுத்திகரிப்பு ஆலையில் ஹைட்ரஜன் செலுத்திக் கந்தகத்தை எடுக்கும்போது, உலோகத்தில் ஒட்டிப் பாதுகாக்கும் வேறு சில மூலக்கூறுகளும் சேர்ந்து போய்விடுகின்றன. அதை ஈடுகட்ட ஒன்று இரண்டு சதவீதம் பயோடீசல் போதும். நம் டீசலில் பத்து இருக்கிறது. ஆகவே டேங்கில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்கும் பழக்கத்துக்கு இங்கே காரணமே இல்லை. பழைய ரோட்டரி பம்ப் எஞ்சினில் அது பெரிய கெடுதல் செய்யாமல் போகலாம். டிபிஎஃப், அதாவது புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி, உள்ள வண்டியில் அந்த ஆயிலின் சாம்பல் அதில் தங்கிவிடும். புகைக்கரியை எரித்துவிடலாம், சாம்பலை எரிக்க முடியாது.

குளிரில் டீசல் உறையாமல் தடுக்கும் மருந்தும் சில கடைகளில் இருக்கிறது. கேமரன் மலைக்குப் போகிறவர்கள் கேட்டு வாங்குகிறார்கள். சுத்தமான செம்பனை பயோடீசல் 15 டிகிரி சுற்றுவட்டத்தில் மங்கத் தொடங்கும் என்பது நிஜம்தான். ஆனால் பத்துப் பங்கு மட்டுமே கலந்த டீசல் அதைவிட வெகு கீழே போனால்தான் மங்கும். அந்த மலையிலுள்ள தானா ராத்தாவின் இரவுக் குளிருக்கு அந்த மருந்து வேண்டாம்.

தண்ணீர்தான் எதிரி

பயோடீசலுக்கு ஒரு குணம் உண்டு: தண்ணீரை இழுக்கும். சுத்தமான பெட்ரோலிய டீசல் தன்னுள் கரைத்துக்கொள்ளும் தண்ணீரைவிடப் பத்து மடங்குக்கும் மேல் மெத்தில் எஸ்டர் கரைத்துக்கொள்ளும். பகலெல்லாம் ஓடிய காமன் ரெயில் வண்டியில், பம்பிலிருந்து திரும்பும் சூடான டீசல் டேங்கையே சூடாக்குகிறது. சூட்டில் கரைந்திருந்த தண்ணீர் இரவில் ஆறும்போது பிரிந்து அடியில் இறங்குகிறது. போதாக்குறைக்கு, அரை டேங்க் காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் ஈரக்காற்று டேங்க் சுவரில் முத்து முத்தாகப் படிகிறது. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மாலையில் வேலை முடித்ததும் டேங்க்கை நிரப்பி வைப்பது எந்த மருந்தையும்விட நல்ல பழக்கம். காலையில் அடிக்கலாம் என்று கால் டேங்க்கோடு நிறுத்துவதுதான் நம்மில் பலருடைய வழக்கம்.

காமன் ரெயிலில் டீசல் 1,600 முதல் 2,000 பார் வரை அழுத்தத்தில் இருக்கும். புது எஞ்சின்களில் அதற்கும் மேல். இன்ஜெக்டருக்குள் ஊசிக்கும் துளைக்கும் உள்ள இடைவெளி ஓரிரு மைக்ரான்தான். அங்கே டீசல்தான் ஆயில். ஒரு துளி தண்ணீர் போனால் அந்த இடத்தில் மசகு இல்லை. உலோகம் உலோகத்தோடு உரசும். கூடவே துருவும். இன்ஜெக்டர் புதிதாக மாற்றினால் ஒன்றே ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். எஞ்சினில் நான்கு.

தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடி ஜாடி போதும். ஊறுகாய்ப் பாட்டிலைக் கழுவி நன்றாகக் காய வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியை, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஃபில்டரின் அடியிலிருந்து கால் லிட்டர் வடியுங்கள். ஜாடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அதன் பின்னால் செய்தித்தாளை வையுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் டீசல் நல்லது. பால் கலந்த தேநீர் மாதிரி மங்கினால் தண்ணீர் கலந்து நிற்கிறது. ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்தால், அடியில் தனியாக ஒரு கோடு விழும். அந்தக் கோட்டுக்கு மேலே, டீசலும் தண்ணீரும் தொடும் இடத்தில், பழுப்பு நிறத்தில் ஆடை மாதிரி ஏதாவது மிதக்கிறதா என்று ஜாடியைச் சாய்த்துப் பாருங்கள். அது பூஞ்சை. அதைப் பற்றிக் கீழே வருகிறேன்.

வடிக்கும் முறை ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எஞ்சினை அணைத்து ஆறவிட வேண்டும். ஃபில்டருக்கு அடியில் பிளாஸ்டிக் திருகு ஒன்று இருக்கும். அதன் முனையில் சின்ன ரப்பர் குழாயைச் செருகி ஜாடிக்குள் விடுங்கள். திருகை இடப்பக்கமாக இரண்டு அல்லது இரண்டரைச் சுற்று தளர்த்தினால் போதும், முழுக்கக் கழற்ற வேண்டாம். ஃபில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பை அழுத்த அழுத்தத் தண்ணீர் முதலில் வரும், பிறகு டீசல். சுத்த டீசல் வந்ததும் திருகைக் கையாலேயே இறுக்குங்கள். ஸ்பேனர் போட்டால் பிளாஸ்டிக் பல் உடையும். அதன் பிறகு ஃபில்டர் காற்றை இழுக்கும், வண்டி காலையில் சுணங்கும், நாம் மறுபடி மருந்து தேடிப் போவோம். கடைசியாகக் கைப்பம்ப் கெட்டியாகும் வரை அழுத்தி, ஸ்டார்ட் செய்து, கசிவு இருக்கிறதா பாருங்கள். காமன் ரெயிலின் உயர் அழுத்தக் குழாய்ப் பக்கம் கசிவைத் தேட மட்டும் கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

தோட்டத்துக்குள் ஓடும் வண்டிக்கு மாதம் ஒரு முறை வடிப்பது சரியாக இருக்கும். தண்ணீர் சேர்ந்ததைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அது எரியும்போது ஃபில்டரின் கிண்ணம் ஏற்கெனவே நிறைந்திருக்கும். ஃபில்டரையே மாற்றும் கெடுவுக்குக் கையேட்டைப் பாருங்கள். ஆனால் செம்மண் புழுதியிலும் சேற்றிலும் ஓடும் வண்டிக்கு அந்தக் கெடுவில் பாதியிலேயே மாற்றிவிடுவது என் முடிவான கருத்து. பல பிக்கப் வண்டிகளுக்கு அசல் ஃபில்டர் விலை மருந்து ஒன்றிரண்டு பாட்டிலின் விலைதான்.

சரி, தண்ணீருக்கு மருந்து உண்டா? உண்டு, இரண்டு வகை. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்மாறாக வேலை செய்யும், கடையில் யாரும் பிரித்துச் சொல்வதில்லை. முதல் வகையில் ஆல்கஹால் அல்லது அதைப் போன்ற பொருள் இருக்கும். அது தண்ணீரை டீசலோடு நுண்ணிய துளிகளாகக் கலந்துவிடும். கலந்த தண்ணீரை ஃபில்டரால் பிரிக்க முடியாது. நேரே பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் போகும். "தண்ணீரை எரித்துவிடும்" என்று போட்டிருக்கும் பாட்டில்கள் பெரும்பாலும் இந்த ரகம். காமன் ரெயிலுக்கு இது வேண்டவே வேண்டாம். இரண்டாம் வகை தண்ணீரைப் பிரித்து அடியில் தள்ளும். அதற்குப் பிறகு நீங்கள் வடிக்க வேண்டும். வடிக்காமல் விட்டால் ஊற்றியதற்குப் பலனில்லை. லேபிளில் "கலக்கும்", "உறிஞ்சும்", "எரிக்கும்" என்று இருந்தால் வைத்துவிடுங்கள். "பிரிக்கும்" என்று இருந்தால் யோசிக்கலாம்.

இனி பூஞ்சை. டீசலைத் தின்று, தண்ணீரில் வாழும் உயிர்கள் இருக்கின்றன. ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை அவற்றில் பேர்போனது. தண்ணீரும் டீசலும் தொடும் கோட்டில்தான் அது வளரும். நம் ஊர்ச் சூடும் பயோடீசலும் அதற்கு விருந்து. மாற்றிய பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் ரம்பத்தால் வெட்டி, உள்ளே இருக்கும் காகிதத்தை விசிறி மாதிரி விரித்துப் பாருங்கள். வழவழவென்று கறுப்புச் சளி ஒட்டியிருந்தால் பூஞ்சை. செங்கல் பொடி மாதிரி இருந்தால் டேங்கில் துரு. மினுமினுக்கும் வெள்ளித் தூள் இருந்தால் உயர் அழுத்தப் பம்ப் தேய்ந்து உதிர்கிறது. அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள், அந்தத் தூள் நான்கு இன்ஜெக்டரையும் கொண்டுபோகும்.

பூஞ்சைக்குக் கட்டாயம் மருந்து தேவை, அதற்குரிய பூஞ்சைக்கொல்லி. அளவு முக்கியம். லேபிளில் 1:4000 என்று போட்டிருந்தால், 80 லிட்டர் டேங்க் என்பது 80,000 மில்லி. அதை 4000-ஆல் வகுத்தால் 20 மில்லி. மூடியால் உத்தேசமாக ஊற்றாமல், மருந்துக் கடையில் கிடைக்கும் சிரிஞ்சால் அளங்கள். கையுறை போடுங்கள், அது தோலுக்கு ஆகாது. முதலில் தண்ணீரை வடித்துவிட்டு, அரை டேங்க் இருக்கும்போது மருந்தை விட்டு, பிறகு முழுக்க நிரப்பினால் நன்றாகக் கலக்கும். ஓரிரு நாள் ஓட்டிய பிறகு செத்த பூஞ்சை மொத்தமாக வந்து ஃபில்டரில் அடைக்கும். வண்டி மேட்டில் இழுக்காது. பலர் இங்கேதான் "மருந்து வண்டியைக் கெடுத்துவிட்டது" என்று நினைக்கிறார்கள். புது ஃபில்டர் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்த வேலையில் இறங்க வேண்டும். சளி மிகுதியாக இருந்தால் டேங்க்கை இறக்கிக் கழுவுவதே சரி.

எண்ணெய் நிலையத்தில் டாங்கர் லாரி டீசல் இறக்கிக்கொண்டிருந்தால் அப்போது அடிக்காதீர்கள். தரையடித் தொட்டியின் அடியில் இருப்பது கலங்கி மேலே வந்திருக்கும்.

இன்ஜெக்டரைக் கழுவும் மருந்து பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். டீசலுக்கென்று செய்த சுத்திகரிப்பான் நாள்பட நுனித் துளையில் படியும் கரியைக் குறைக்கும், அதில் பொய் இல்லை. நல்ல எண்ணெய் நிலையங்களின் டீசலிலேயே அந்தப் பொருள் கொஞ்சம் இருக்கிறது. 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, லேபிள் சொன்ன அளவில், டேங்க் நிரப்புவதற்கு முன் ஊற்றுங்கள். நிரப்பும் வேகத்தில் தானே கலக்கும். இரண்டு மடங்கு ஊற்றினால் இரண்டு மடங்கு சுத்தமாகாது. இன்ஜெக்டர் ஊசி தேய்ந்து, மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பும் திரும்பு குழாயில் டீசல் அதிகமாகப் போகிறது என்றால் எந்தத் திரவமும் அதைச் சரி செய்யாது. நான்கு திரும்பு குழாய்களையும் நான்கு சின்னப் பாட்டில்களில் விட்டு, ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட விடுங்கள். மூன்றில் ஒரே அளவும் ஒன்றில் மூன்று மடங்கும் வந்தால் குற்றவாளி அதுதான்.

மண்ணெண்ணெய் கலப்பது, பெட்ரோல் கலப்பது இரண்டும் வேண்டாம். பம்பின் வழுக்கலைக் குறைக்கும். ஆட்ப்ளூ (புகையைச் சுத்தமாக்கும் யூரியாக் கரைசல்) உள்ள லாரியில் அதைத் தவறிப் போய் டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியையே திருப்பாதீர்கள். டேங்க்கைக் காலி செய்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.

காலையில் எவ்வளவு நேரம் சூடேற்றுவது

பெரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள் கணக்கெடுப்பு) முன்னால் எழுந்து வண்டியைப் போட்டுவிட்டு, குளித்து, சாமி கும்பிட்டு, தேநீர் குடித்து, இருபது நிமிடம் கழித்து ஏறும் பழக்கம் தோட்டத்தில் தலைமுறையாக வருகிறது. பழைய தாத்தா காலத்து எஞ்சினுக்கு அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. இன்றைய டீசலுக்கு அது கெடுதல்.

காரணம் எளியது. பெட்ரோல் எஞ்சினில் எவ்வளவு பெட்ரோல் போகிறதோ அதற்கேற்பக் காற்றும் அளவாகப் போகும். டீசல் எஞ்சினில் காற்று எப்போதும் தாராளம். சும்மா உறுமும்போது துளி டீசலுக்கு மலையளவு காற்று. அந்தக் காற்றே எஞ்சினை ஆற வைத்துவிடுகிறது. அதனால் நின்ற இடத்தில் டீசல் எஞ்சின் சூடேறவே சூடேறாது. இருபது நிமிடம் கழித்துப் பார்த்தாலும் சூட்டுமுள் பாதியைத் தொட்டிருக்காது. அந்தக் குளிர்ந்த அறையில் டீசல் முழுக்க எரியாமல் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் ஒட்டி, ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்குகிறது. இன்னொரு பகுதி கரியாகி, புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்விலும் இன்டேக் குழாயிலும் அப்பிக்கொள்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு முன்பைவிட ஏறியிருந்தால், முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் அந்த ஆயில் நீர்த்துப்போய்விட்டது, உடனே மாற்ற வேண்டும். ஏறியிருக்கிறதே என்று மகிழ ஒன்றுமில்லை.

நம் தாழ்நிலத்துக்குச் சரியான முறை இது. சாவியைப் போட்டு, சிலிண்டரை முன்கூட்டிச் சூடாக்கும் க்ளோ பிளக்கின் விளக்கு அணையும் வரை பொறுங்கள். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் விளக்கு சில நொடியில் அணையும். முப்பது நொடி, மிஞ்சிப்போனால் ஒரு நிமிடம். கிளம்புங்கள். முதல் ஐந்தாறு கிலோமீட்டருக்கு 2,000 சுற்றுக்குள் மெதுவாக ஓட்டுங்கள். மேட்டில் முழு மிதி வேண்டாம். பாரத்தோடு மெல்ல ஓடும்போதுதான் எஞ்சின், கியர் பெட்டி, டிஃப்பரன்ஷியல் எல்லாம் சேர்ந்து சூடேறும். நின்று உறுமினால் கியர் ஆயில் சூடேறாது. சூட்டுமுள் நடுவுக்கு வந்ததும் எல்லாம் தயார் என்று நினைக்க வேண்டாம். அது தண்ணீரின் சூடு. ஆயில் சூடேற இன்னும் அத்தனை நேரம் ஆகும்.

விதிவிலக்கு இரண்டு. காற்று பிரேக் உள்ள லாரி, காற்றழுத்தம் ஏறி எச்சரிக்கை மணி நிற்கும் வரை நகரவே கூடாது. அங்கே நிமிடக் கணக்கைப் பிரேக்தான் முடிவு செய்யும். அழுத்தம் ஏற வழக்கத்தைவிட நேரமாகிறது என்றால் எங்கோ கசிகிறது. சோப்பு நுரை தடவித் தேடுங்கள். இரண்டாவது, மிட்சுபிஷி ஸ்டோர்மின் பழைய 4டி56, டொயோட்டா 2எல் போன்ற, டீசல் முதலில் ஒரு சின்ன அறையில் பற்றும் முன்னறை எஞ்சின்கள். இவற்றுக்கு 24 டிகிரியிலும் க்ளோ பிளக் வேண்டும். ஐந்து முதல் பத்து நொடி விட்டு ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை குறையும். பிளக் செத்திருக்கிறதா என்று பார்க்க, ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் அளங்கள். ஓர் ஓம் சுற்றுவட்டத்தில் காட்டினால் உயிரோடு இருக்கிறது. எதுவுமே காட்டவில்லை என்றால் செத்தது. புது வண்டியின் பிளக்கை பேட்டரியில் நேரடியாகத் தொட்டுச் சோதிக்காதீர்கள். அவற்றில் பல 12 வோல்ட்டுக்கும் குறைவாக ஓடுபவை, தொட்ட மாத்திரத்தில் எரிந்துபோகும்.

இங்கே ஒரு கெட்ட வழக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வண்டி அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று போனால் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றி வீசிவிடுகிறார்கள். "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு" என்பார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத டீசல் எஞ்சின், நல்ல மழை நாளில் ஊருக்குள் ஓடும்போது 60 டிகிரியைத் தாண்டாது. எஞ்சின் கணினி அது இன்னும் குளிரில் இருப்பதாக நினைத்துக் கூடுதல் டீசல் கொடுக்கும். கரி, நீர்த்த ஆயில், தேய்ந்த சிலிண்டர், குறையாத டீசல் செலவு எல்லாம் வந்து சேரும். மருந்து ஊற்றியும் எண்ணெய் மிச்சமாகவில்லை என்று புலம்பும் வண்டியில் நான் முதலில் கேட்பது, தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்றுதான். சோதிப்பது சுலபம். கழற்றி, ஒரு சட்டித் தண்ணீரில் கம்பியால் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். சமையல் தெர்மாமீட்டரை உள்ளே விடுங்கள். தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் 82 என்றோ 76 என்றோ பொறித்திருக்கும். அந்தச் சூட்டை ஒட்டி வால்வு மெல்ல வாய் திறக்கும், தண்ணீர் கொதி வருவதற்குள் எட்டுப் பத்து மில்லிமீட்டர் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் வண்டி சூடாகும். குளிர்ந்த தண்ணீரிலேயே இடைவெளி தெரிந்தால் வண்டி சூடேறாது. இரண்டுக்கும் புதுசு மாற்றுவதே வழி. வண்டி சூடாவதற்குக் காரணம் பெரும்பாலும் ரேடியேட்டர் அடைப்போ விசிறிக் கிளட்ச்சோதான்.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் சாலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர், உயரம் 1,400 மீட்டருக்கும் மேல். வண்டி நாள் முழுக்க வெயிலில் நின்றிருந்தாலும் எஞ்சின் குளிர்ந்துதான் இருக்கும். தாப்பா ஊர் எல்லை வரை மெதுவாக ஓட்டிச் சூடேற்றிவிட்டு மேட்டில் மிதியுங்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் உடனே அணைக்காதீர்கள். டர்போ தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்றிருக்கும், அதைத் தாங்குவது ஆயில் படலம் மட்டும். அணைத்தால் ஆயில் ஓட்டம் நிற்கும், உள்ளே நின்ற ஆயில் கொதித்துக் கரியாகும். ஒன்றிரண்டு நிமிடம் ஓட விடுங்கள். ஊருக்குள் நெரிசலில் கடைசி இரண்டு கிலோமீட்டர் ஊர்ந்து வந்திருந்தால் அரை நிமிடமே போதும். அணைப்பதற்கு முன் ஆக்சிலரேட்டரை மிதித்து ஒரு முறை உறுமவிட்டு அணைப்பது டர்போவுக்குச் செய்யும் நேரடிக் கெடுதல்: சுற்று ஏறிய நிலையில் ஆயில் நின்றுபோகிறது.

டிபிஎஃப் உள்ள வண்டிக்கு இன்னொன்றும் உண்டு. சேர்ந்த கரியை எரிக்க அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி வேண்டும். வீட்டுக்கும் கடைக்குமாக மூன்று கிலோமீட்டர் ஓடினால் அந்தச் சூடு வராது. வாரம் ஒரு முறை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீராக ஓட்டுங்கள். எரித்துக்கொண்டிருக்கும்போது விசிறி வேகமாகச் சுழலும், உறுமல் கொஞ்சம் ஏறும்; அந்த நேரத்தில் அணைக்காதீர்கள்.

ஆலை வாசலில்

செம்பனைக் குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்க வேண்டும் என்பதால், உச்ச விளைச்சல் மாதங்களில் ஆலை வாசலில் லாரி வரிசை நீளும். ஒரு மணி, இரண்டு மணி. அத்தனை லாரியும் உறுமிக்கொண்டே நிற்கும். பிக்கப் எஞ்சின் சும்மா நின்றால் மணிக்கு முக்கால் லிட்டர் வரை குடிக்கும், பெரிய லாரி இரண்டு லிட்டருக்கும் மேல். அணைக்கலாமே என்றால், "மறுபடி ஸ்டார்ட் ஆகாதுண்ணே" என்பதுதான் பதில். அதாவது, நோய் பேட்டரியில் இருக்கிறது. செலவு டீசலில் போகிறது.

இரவு முழுக்க நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.4-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடுங்கள். ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. 24 வோல்ட் லாரியில் இரண்டு பேட்டரியையும் தனித்தனியே அளங்கள். ஒன்று மட்டும் தளர்ந்து நல்லதையும் இழுத்துக்கொண்டு போவது சகஜம், மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். எர்த் ஒயர் சட்டத்தில் ஊன்றும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தமாக்கி கிரீஸ் தடவுங்கள்.

பேட்டரி நல்லதாக இருந்தும் காலையில் பத்து நொடி சுழன்ற பிறகே பிடிக்கிறது, பகலில் ஒரே சுழற்சியில் பிடிக்கிறது என்றால் பெரும்பாலும் காற்று உள்ளே போகிறது. இரவில் டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்கிவிடுகிறது. ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையில், குறைந்த அழுத்தப் பக்கத்தில் மட்டும், ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரி தெரியும் டீசல் குழாயைத் தற்காலிகமாகப் போட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் ஃபில்டரின் ரப்பர் வளையம், கைப்பம்ப், வெடித்த ரப்பர் குழாய் மூன்றில் ஒன்று. ஒரு சில வெள்ளி வளையத்துக்காகப் பாட்டில் பாட்டிலாக மருந்து ஊற்றிய வண்டிகள் ஏராளம்.

டிராக்டருக்கும் ஜெனரேட்டருக்கும் டிரம்மில் டீசல் வைப்பவர்கள் முதலில் அனுமதி விஷயத்தைச் சரி பார்த்துக்கொள்ளுங்கள். 1961-ஆம் ஆண்டு பொருள் வழங்கல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் டீசல் கட்டுப்பாட்டுப் பொருள். டிரம்மை நிழலில், கொஞ்சம் சாய்வாக, மூடித் திருகு மழைநீர் தேங்காத பக்கமாக இருக்கும்படி வையுங்கள். எடுக்கும் குழாயின் நுனி அடியிலிருந்து நான்கு விரல் மேலே நிற்க வேண்டும். செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய தகரம் எதுவும் பயோடீசலோடு ஒத்துப்போகாது. டீசலைக் கெட வைக்கும். மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.

தீபாவளிக்கோ பள்ளி விடுமுறைக்கோ ஒரு மாதம் நிறுத்தப் போகும் வண்டியில் டேங்க்கை நிரப்பி, பேட்டரியின் எதிர்மின் (நெகட்டிவ்) முனையைக் கழற்றி வையுங்கள். பூஞ்சை முன்பு வந்த வண்டி என்றால் தடுப்பு அளவில் பூஞ்சைக்கொல்லி விட்டு, ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். அப்போதுதான் ஃபில்டர் வரை அது போய்ச் சேரும். திரும்பி வந்த காலையில் சாவியைத் தொடுவதற்கு முன் ஃபில்டரிலிருந்து கால் லிட்டரை ஜாடியில் வடித்து, செய்தித்தாள் எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள்.